ஒரு நிமிடக் குரல்: மொழி ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு மொழிப் பள்ளி. அதில் 14 ஆசிரியர்கள். 9 பேர் தமிழ் கற்பித்தார்கள், 5 பேர் ஆங்கிலம். மாணவர்கள் 8 முதல் 13 வயது வரை. கற்கும் மொழியை வீட்டில் அரைகுறையாகக் கேட்டவர்கள் சிலர், அறவே கேட்காதவர்கள் பலர். வகுப்புக்கு 26 பிள்ளைகள் என்ற அளவு. வாரத்துக்கு 2 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம்.

எல்லா வகுப்பறைகளிலும் ஒரு கணினியும் ப்ரொஜெக்டரும் வைத்து ஓராண்டு ஆகியிருந்தது. யாரும் அவற்றைப் பெரிதாகத் தொடவில்லை. அந்த நிலையில்தான் நிர்வாகம் என்னை அழைத்தது. "ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுங்கள்" என்பதுதான் வேண்டுகோள். நான் மொழி ஆசிரியராக இருந்து பிறகு பயிற்றுநரானவள். அந்த வேண்டுகோளை அப்படியே வாங்கிக்கொண்டேன். எந்தச் சிரமத்தைத் தீர்க்க என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஏறத்தாழ 2 மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

முதல் முயற்சி: இரண்டு நாள் பயிலரங்கு

இரண்டு நாளில் 11 கருவிகளைக் காட்டினேன். வினாடி வினா செயலி, படத்தில் எழுத்தை இழுத்துப் பொருத்தும் விளையாட்டு, காணொளிக்கு நடுவில் கேள்வி செருகும் தளம், சொல்மேகம், குரல்வழித் தட்டச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். காட்டுவேன், அவர்கள் செய்து பார்ப்பார்கள், அடுத்ததற்குப் போவோம். கடைசியில் நிரப்பித் தந்த கருத்துப் படிவங்கள் எல்லாமே நிறைவாக இருந்தன.

முதல் நாள் காலையில் ஒரு படமும் போட்டேன். ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள். கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஷ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் முன்வைத்த கருத்து அது. ஆசிரியருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும், கற்பிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும், தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில் இருப்பதே தேவையான அறிவு என்பது அதன் சாரம். பாடமும் கற்பிக்கும் முறையும் பிரிக்க முடியாதவை என்று லீ ஷுல்மன் 1986இல் சொன்னதன் தொடர்ச்சி. படத்தை விளக்கிவிட்டு, அடுத்த இரண்டு நாளும் ஒரே ஒரு வட்டத்துக்குள் நின்றேன். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து வகுப்பறையில் கண்டவை

ஆறாவது வாரத்தில் வகுப்புகளைப் பார்க்கப் போனேன். கையில் ஒரு தாள் மட்டும். எத்தனை பிள்ளைகள் கற்கும் மொழியில் ஒரு முழு வாக்கியமாவது பேசினார்கள் என்று கோடு போட்டு எண்ணுவது என் வேலை. ஆசிரியர்களிடம் இதை முன்பே சொல்லி, அனுமதி கேட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பெரும்பாலான வகுப்புகளில் ப்ரொஜெக்டர் பாடநூலின் பக்கத்தைச் சுவரில் காட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மேசையிலும் அதே பக்கம் திறந்திருந்தது. ஒரு வகுப்பில் வினாடி வினா நடந்தது. கூச்சலும் உற்சாகமும் நிறைந்த வகுப்பு. பிள்ளைகள் சரியான விடையின் நிறத்தைத் தொட்டார்கள், மதிப்பெண் ஏறியது, கைதட்டினார்கள். 45 நிமிடம் முடிந்தபோது என் தாளில் ஒரு கோடுகூட இல்லை. பயிலரங்கில் கற்றதை மிகத் திறமையாகச் செயல்படுத்தியவர் அந்த ஆசிரியர்தான். அவர் மீது எந்தக் குறையும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அவர் செய்தார்.

அடுத்த அறையில் பள்ளியிலேயே மூத்த தமிழாசிரியை. ப்ரொஜெக்டரை உறை போட்டு மூடி வைத்திருந்தார். ஒரு கேள்வி கேட்பார், பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார். 3 நொடி, சில சமயம் 5 நொடி. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், அதை 3 நொடியாக நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீளமாகின்றன என்று மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்து எழுதினார். அந்த ஆய்வைப் படிக்காமலே இவருக்கு அது பழக்கமாகியிருந்தது. அங்கே 9 கோடு விழுந்தது. நான் பார்த்ததில் அதுவே அதிகம்.

அதே வாரத்தில் கண்ட இன்னொன்றும் முக்கியம். ஒரு தமிழாசிரியை வீட்டில் இரவெல்லாம் தட்டச்சு செய்து பயிற்சித்தாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வகுப்பறைக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகக் குவிந்து கிடந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கணினியை அணைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போனார். பிறகு என்னிடம், "எனக்கும் இதுக்கும் ராசியில்லை டீச்சர்" என்றார்.

ராசிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அவர் வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துரு இருந்தது. பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்தின் எண்தான். திரையில் மட்டும் அதன்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்படும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிந்துவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுத் தரமான யூனிகோடில் தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் தமக்கென எண்கள் உண்டு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 10 நிமிடத்தில் தீரக்கூடிய சிக்கல். 11 கருவிகள் காட்டிய இரண்டு நாளில் அந்த 10 நிமிடத்தை நான் ஒதுக்கவில்லை. அவர் ஆண்டுக்கணக்கில் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

திசை மாற்றிய கேள்வி

வார இறுதியில் எல்லா ஆசிரியர்களோடும் உட்கார்ந்தேன். கோடு போட்ட தாள்களை வகுப்பின் பெயர் சொல்லாமல் மேசைமேல் பரப்பினேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்த ஆசிரியை சொன்னார்:

"எத்தனை பிள்ளைங்க வாயத் தொறந்தாங்கன்னு நானும் எண்ணிப் பாத்திருக்கேன் டீச்சர். பத்தைத் தாண்டவே தாண்டாது. மீதிப் பேரு குரலு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அதைக் கேக்க வைக்குமா உங்க பெட்டி? வைக்கும்னா சொல்லுங்க, நான் கத்துக்கிறேன்."

நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். 26 பிள்ளைகள், 45 நிமிடம். பாடம் நடத்துவதை முழுவதும் விட்டுவிட்டாலும் ஒரு பிள்ளைக்கு 2 நிமிடம்கூட வராது. மொழி வகுப்பின் அடிப்படைச் சிக்கல் இது. பேசிப் பழகினால்தான் மொழி வரும். பேசுவதற்குத்தான் வகுப்பில் நேரமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

11 கருவிகளையும் ஒதுக்கி வைத்தோம். ஒரே ஒரு பணி மட்டும்: ஒவ்வொரு மாணவரும் வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் பேசிக் குரல்பதிவு அனுப்ப வேண்டும். கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் ஒலிப்பதிவு வசதியே போதும். புதிய செயலி, புதிய கணக்கு, கடவுச்சொல் எதுவும் வேண்டாம்.

காணொளி கேட்கலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தோம். முகம் தெரிந்தால் கூச்சம் கூடும், வீட்டின் உட்புறம் தெரியும், கோப்பும் பெரிதாகும். குரல் மட்டும் என்றால் பிள்ளை பிடிக்காததை அழித்துவிட்டு மறுபடி பேசலாம். அந்த மறுபடி பேசுவதே ஒரு பயிற்சி என்பது பின்னால்தான் எங்களுக்குப் புரிந்தது; ஒரு நிமிடப் பதிவுக்குப் பின்னால் 4, 5 முயற்சிகள் இருந்ததைப் பிள்ளைகளே சொன்னார்கள்.

பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம். பதிவுகளை ஆசிரியர் மட்டும் கேட்பார், பருவம் முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று அதில் இருந்தது. வீட்டில் கைபேசி கிடைக்காத பிள்ளைகளுக்காகப் பள்ளி நூலகத்தின் ஓரத்தில் பழைய கைபேசிகள் இரண்டை வைத்தோம்.

அடுத்தது, எத்தனை பேரோடு தொடங்குவது. நிர்வாகம் 14 பேரையும் சேர்க்கச் சொன்னது. விரும்பி முன்வரும் ஆசிரியர்களோடு மட்டும் தொடங்கலாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980 முதல் எழுதிவந்தது என் மனதில் இருந்தது. விளக்கமும் செய்முறையும் பயிலரங்கில் கிடைத்துவிடும். கற்றது வகுப்பறைக்குள் போய்ச் சேர வேண்டுமானால் ஆசிரியர் பக்கத்தில் யாராவது தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டது. 14 பேர் பக்கத்தில் என்னால் இருக்க முடியாது, 5 பேர் பக்கத்தில் முடியும். 3 தமிழாசிரியர்களும் 2 ஆங்கில ஆசிரியர்களும் முன்வந்தார்கள். மூத்த ஆசிரியையும் அவர்களில் ஒருவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் வகுப்புக்கும் போவேன் என்று ஒப்புக்கொண்டேன்.

தட்டச்சுக்கும் தனியாக ஒரு மாலை ஒதுக்கினோம். அதற்கு எல்லா ஆசிரியர்களும் வரலாம். பழைய கோப்புகளை மாற்றிக் காட்டினேன். தட்டச்சுப்பொறியில் பழகியவர்களுக்கு ஒரு தடுமாற்றம் இருந்தது. "கொ" எழுத அவர்கள் விரல் முதலில் கொம்பைத் தேடும், பிறகு க, பிறகு கால். யூனிகோடில் ஒலி வரிசைதான். முதலில் மெய், பிறகு உயிர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினேன். இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். க-வை இருமுறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழும். இலக்கணம் கற்பிப்பவர்களுக்கு அது சட்டென்று பிடித்துப்போனது. பயிற்சித்தாள் குலைந்துபோன அந்த ஆசிரியை அன்று மாலை தன் பழைய கோப்புகளில் 30க்கும் மேல் மாற்றி எடுத்துப்போனார். இந்தத் திட்டம் முழுவதிலும் உடனடிப் பலன் தந்தது அந்த ஒரு மாலைதான்.

முதல் மூன்று வாரம்

பதிவுகள் வரத் தொடங்கின. ஆண்டு முழுக்க வகுப்பில் தலையை மட்டும் ஆட்டிய ஒரு சிறுவன், தன் வீட்டுப் பூனை கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி 58 நொடி பேசியிருந்தான். வினைமுற்றுகள் குழம்பியிருந்தன, இரண்டு இடத்தில் வேற்றுமொழிச் சொல் புகுந்திருந்தது. ஆனாலும் கதைக்குத் தொடக்கமும் திருப்பமும் முடிவும் இருந்தன. அவனுக்கு மொழி வராது என்று நினைத்திருந்த ஆசிரியர் அதை மூன்று முறை கேட்டார்.

சில பதிவுகளில் வேறொரு குறை. குரல் ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாக ஓடும். மூச்சு வாக்கியம் முடியும் இடத்தில் நிற்காமல் வரி முடியும் இடத்தில் நிற்கும். எழுதிவைத்துப் படிக்கிறார்கள் என்று மூத்த ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். காரணம் நாங்கள் தந்த தலைப்பு. "என் பள்ளி" என்றால் கட்டுரைதான் வரும். "இன்று நீ வரும் வழியில் மாறியிருந்த ஒன்றைச் சொல்" என்று கேட்டால் எழுதிவைக்கத் தோன்றாது. பிறகு அப்படிப்பட்ட தலைப்புகளையே கொடுத்தோம்.

நான்காவது வாரச் சரிவு

நான்காவது வாரம் இரண்டு ஆசிரியர்கள் பதிவுகளைத் திறப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒருவர் என்னிடம் சொல்லவும் தயங்கினார். இன்னொருவர் நேராகவே சொன்னார்: "பிள்ளைங்க தூங்கின பிறகு உக்காந்து கேக்கறேன் டீச்சர். பத்தாவது பதிவுக்கு மேல எனக்கு எதுவும் காதுல விழல."

கணக்கை அப்போதுதான் போட்டேன். 26 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நிமிடம். தாளில் பார்த்தால் 26 நிமிடம். உண்மையில் கோப்பைத் திறக்க வேண்டும், ஒருமுறை கேட்டுப் புரியாத இடத்தை மறுபடி கேட்க வேண்டும், குறிப்பு எழுத வேண்டும், அனுப்ப வேண்டும். ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம் என்றாலே 1 மணி 44 நிமிடம். இரண்டு வகுப்பு எடுப்பவருக்கு அது ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். வகுப்பில் இல்லாத நேரத்தை நான் ஆசிரியரின் வீட்டிலிருந்து எடுத்திருந்தேன். கேட்காமல் எடுத்திருந்தேன்.

ஆசிரியர் பயிற்சி பற்றிய பேச்சுகளில் இந்தக் கணக்கு அபூர்வமாகவே வருகிறது. கருவி மாணவருக்கு என்ன தரும் என்று விரிவாகப் பேசுவோம். ஆசிரியரின் மாலையிலிருந்து எவ்வளவு எடுக்கும் என்று எண்ணமாட்டோம். பிறகு அவர்கள் கைவிட்டால், ஆர்வமில்லை என்று எழுதிவிடுவோம். அந்த இரண்டு பேருக்கும் ஆர்வம் குறையவே இல்லை. நேரம்தான் தீர்ந்துபோனது.

செய்த மாற்றங்கள் இவை. ஆசிரியர் வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்குப் பதிவுகளை, அதாவது 8 அல்லது 9ஐ, மட்டும் முழுமையாகக் கேட்பார். மூன்று வாரத்தில் எல்லோருடைய முறையும் வரும். முறை இல்லாத வாரத்தில் பதிவை ஒரு சக மாணவர் கேட்டு, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பார். இதற்காகப் பெற்றோரிடம் ஒப்புதலைத் திருத்தி மறுபடி வாங்கினோம். எழுத்துக் குறிப்பு வேண்டாம். ஆசிரியர் 20 நொடி பேசிப் பதில் அனுப்பினால் போதும். அந்தப் பதிலில் ஒரே ஒரு திருத்தம். நிர்வாகம் இந்த 5 பேருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையைப் பதிவு கேட்பதற்கென்று ஒதுக்கித் தந்தது. அதைப் பெறுவதற்கு 3 வாரம் பேச வேண்டியிருந்தது.

கேட்பதற்குப் பயிற்சி

ஒரே ஒரு திருத்தம் என்றால், எதைத் திருத்துவது? அங்கேதான் எல்லோரும் திணறினார்கள். என்னுடைய இரண்டாவது பயிற்சி அதைப் பற்றியது. அதில் திரையோ செயலியோ இல்லை. பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு 6 பதிவுகளை ஒலிக்க விட்டோம். ஒவ்வொரு ஆசிரியரும் தான் திருத்த நினைப்பதை எழுதினார். பிறகு தாள்களை ஒப்பிட்டோம்.

ஒரே ஒரு நிமிடப் பதிவில் ஓர் ஆசிரியர் 17 பிழை எழுதியிருந்தார். மூத்த ஆசிரியையின் தாளில் ஒரு வரிதான்: "நேத்து-ன்னு தொடங்கி நாளைக்கு-ன்னு முடிக்கிறான். காலம் மட்டும்." அந்த 17இல் ஏறத்தாழ பாதி பிழையே அல்ல என்று பேச்சில் தெளிந்தது. "போயிட்டேன்", "பாத்தேன்", "வர்றாங்க" எல்லாம் சிவப்பு மை வாங்கியிருந்தன. தமிழ் இரட்டை வழக்குள்ள மொழி. எழுத்துக்கு ஒரு வடிவம், பேச்சுக்கு ஒரு வடிவம். பிள்ளையைப் பேசச் சொல்லிவிட்டு எழுத்துத் தமிழுக்கு மதிப்பெண் போட்டால், அடுத்த வாரம் அவள் எழுதிவைத்துப் படிக்கத்தான் செய்வாள். நாங்கள் முன்பு கண்ட தட்டைக் குரலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு தமிழாசிரியர்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: உரையாடல் தலைப்பென்றால் பேச்சு வழக்கே சரி, மேடைப்பேச்சு, செய்தி வாசிப்பு என்று சொல்லிக் கொடுத்தால் மட்டும் எழுத்து வழக்கு. பாடத்திட்டம் சொல்லாத ஒரு முடிவை ஆசிரியர்களே எடுத்தார்கள். இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

திருத்தும் முறையையும் பேசினோம். ராய் லிஸ்டரும் லைலா ரன்டாவும் 1997இல் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் பிழையைத் திருத்தும் வழிகளை 6 வகையாகப் பிரித்தார்கள். ஆசிரியர்கள் மிக அதிகமாகக் கையாண்டது, பிழையான வாக்கியத்தைத் தாங்களே சரியாகச் சொல்லிவிட்டு நகர்வது. மாணவர்கள் மிகக் குறைவாகக் கவனித்ததும் அதைத்தான். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திப் பிள்ளையையே முடிக்கவைக்கும்போது பலன் கூடியது. குரல்பதிலில் இதை எப்படிச் செய்வது? ஆங்கில ஆசிரியர் ஒருவர் வழி கண்டார். பிள்ளை சொன்ன வாக்கியத்தைப் பிழைக்கு முந்தைய சொல் வரை தன் குரலில் சொல்லி, நிறுத்தி, "இங்கிருந்து நீ சொல்லி அனுப்பு" என்பார். பிள்ளையிடமிருந்து 5 நொடிப் பதில் வரும். மற்ற நால்வரும் அதைப் பின்பற்றினார்கள்.

குரல்வழித் தட்டச்சில் ஒரு தவறான திருப்பம்

லகர, ளகர, ழகர வேறுபாடு எல்லோருக்கும் தலைவலி. வால், வாள், வாழ், அலை, அழை. ஒரு தமிழாசிரியர் குரல்வழித் தட்டச்சை வைத்து இதைச் சோதிக்கலாம் என்றார். பிள்ளை பேசட்டும், திரையில் சரியாக விழுந்தால் ஒலிப்பு சரி. எனக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. இரண்டு வாரம் செய்தோம்.

பிள்ளைகள் எல்லோரும் தேறிக்கொண்டே இருந்தார்கள். சந்தேகம் வந்து நானே "தமில்" என்று சொல்லிப் பார்த்தேன். திரையில் "தமிழ்" என்று விழுந்தது. இத்தகைய மென்பொருள் காதில் விழும் ஒலியை மட்டும் வைத்து எழுதுவதில்லை. எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வர வாய்ப்பதிகம் என்று ஊகித்தும் எழுதுகிறது. செய்தி எழுத அது உதவி. ஒலிப்பைச் சோதிக்க அது பொய்ச்சாட்சி. உடனே நிறுத்தினோம். அதற்குப் பதிலாகப் பிள்ளையின் பதிவையும் ஆசிரியரின் பதிவையும் அடுத்தடுத்து, வேகத்தைக் குறைத்து ஒலிக்க விட்டோம். வேறுபாட்டைப் பிள்ளைகளே பிடித்தார்கள், எங்களைவிடக் கறாராக.

ஒரு காயம்

எட்டாவது வாரம் ஓர் ஆசிரியர், மகிழ்ச்சி தாங்காமல், ஒரு சிறுமியின் பதிவை வகுப்பில் ஒலிக்கவிட்டார். நன்றாகப் பேசியிருந்தாள், பாராட்டத்தான் போட்டார். நடுவில் அவள் ஒரு சொல்லைத் தடுமாறி இருமுறை சொன்ன இடத்தில் யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் பதிவு அனுப்பவில்லை. வகுப்பிலும் பேச்சு குறைந்தது.

பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கியிருந்தோம். பிள்ளையிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அந்த ஆசிரியர் அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டார். எல்லா வகுப்புக்கும் ஒரு விதி வந்தது: எந்தப் பதிவும், பாராட்டுவதற்காக இருந்தாலும், பேசிய பிள்ளை சம்மதிக்காமல் பிறர் காதில் விழக்கூடாது. சக மாணவர் கேட்பதற்கும் இதுவே விதி. யார் கேட்கலாம் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும். இந்தப் பிழையின் பொறுப்பில் பெரும்பங்கு என்னுடையது. தொழில்நுட்பப் பயிற்சியில் தனியுரிமை என்று ஒரு பகுதி வைத்திருந்தேன். அதில் கடவுச்சொல்லும் கோப்புச் சேமிப்பும்தான் இருந்தன.

விளைவு

பருவ முடிவில் 5 பேரில் 4 பேர் தொடர்ந்தார்கள். ஒருவர் விலகினார், வகுப்புகள் கூடியதால் பதிவு கேட்கும் பாடவேளை அவரிடமிருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தது. அடுத்த பருவத்தில் மற்றவர்களில் 6 பேர் தாங்களாகவே சேர்ந்தார்கள், சக ஆசிரியர் செய்வதைப் பார்த்து. 3 பேர் சேரவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

மூத்த ஆசிரியையின் வகுப்பில் மறுபடி கோடு போட்டு எண்ணினேன். முன்பு 9, இப்போது 15. இதைக் குரல்பதிவின் வெற்றி என்று எழுத என்னால் முடியாது. இடையில் அவர் பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்துப் பேசவைக்கவும் தொடங்கியிருந்தார். ஆனால் பதிவுகளைக் கேட்டதால் யாரை எதைப்பற்றிக் கேட்டால் பேசுவார்கள் என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்றார் அவர். பூனைக்காரச் சிறுவனிடம் பூனையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவன் வகுப்பில் பேசினான். ப்ரொஜெக்டரின் உறை இன்னும் கழற்றப்படவில்லை. பதிவு கேட்கும் பயிற்சியைப் புதிய 6 பேருக்கு நடத்தியவர் அவர்தான்.

மறுபடி செய்தால்

பயிலரங்குக்கு முன்பே வகுப்புகளைப் போய்ப் பார்ப்பேன், குறைந்தது ஒரு வாரம். தட்டச்சையும் எழுத்துருவையும் முதல் நாள் முதல் மணியில் வைப்பேன். அந்த அவமானம் உள்ளே இருக்கும்வரை வேறெதுவும் ஏறாது. எந்தப் பணியையும் பரிந்துரைக்கும் முன் ஒரு வகுப்பின் 26 பதிவுகளையும் நானே ஓர் இரவு உட்கார்ந்து கேட்டுக் கடிகாரம் பார்ப்பேன். ஆசிரியருக்கான நேரத்தை நிர்வாகம் எழுத்தில் தந்த பிறகே தொடங்குவேன். பருவ நடுவில் கெஞ்சிப் பெற்றதைப் பருவ நடுவிலேயே இழந்தோம்.

பிள்ளைகளின் சம்மதத்தைப் பிள்ளைகளிடமே கேட்பேன்.

விரும்பியவர்களோடு மட்டும் தொடங்கியது சரியா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முழுத் தெளிவில்லை. சேராத 3 பேரின் வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவரோடு இப்போது தனியாகப் பேசிவருகிறேன். அவருடைய சிரமம் வேறு. அவருக்குக் காது சற்று மந்தம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பதிவின் ஒலியைக் கூட்டி ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பதிவு அனுப்புவதை நிறுத்திய சிறுமி, நிறுத்தியதிலிருந்து நான்காம் வாரம் ஒன்று அனுப்பினாள். 11 நொடி. "டீச்சர் மட்டும் கேக்கணும்" என்று தொடங்கி, அன்று மழை பெய்ததைச் சொல்லியிருந்தாள். அவளுடைய ஆசிரியர் 20 நொடிப் பதிலில் எதையும் திருத்தவில்லை. மழை தன் வீட்டுப் பக்கமும் பெய்தது என்று மட்டும் சொன்னார்.